அறுபத்தோராம் மாட்டின் கடும்பு

அகஸ்ரினுக்கு முதலில் பேசுவது வலக்கை. அது சொல்லி முடித்த பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால்தான் வாய் திறக்கும். ஊர்காவற்றுறையில் மீசை முளைக்க முன்னரே இந்தப் பேரை எடுத்துவிட்டான். கனடாக் குளிரில் கை விறைத்து அடங்கிவிடும் என்று தாய்க்காரி நம்பித்தான் விமானம் ஏற்றி விட்டிருப்பாள். பாவம், அந்த மனுசிக்குக் கையுறை என்று ஒரு சாமான் இருப்பது தெரியாது.

எண்பத்தொன்பதில் ரொறன்ரோவுக்கு வந்தான். மூன்று வருடத்தில் நாலு வேலை போனது. உணவகக் குசினியில் தலைமைச் சமையல்காரன் ஏதோ சொன்னான் என்று அவன் தலையைப் பிடித்துக் கோழி ஊறப்போட்ட வாளிக்குள் அமுக்கினான். பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளனின் மூக்கு. மற்ற இரண்டும் இதே வகைதான். மல்வேர்ன் பக்கத்துத் தமிழ்ச் சனம் இந்தக் கதைகளைக் கல்யாண வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். மூக்கு உடைந்தவன் எப்படி இருக்கிறான் என்று ஒரு குருவியும் கேட்டதில்லை.

மனைவி றோசலினையும் ஒருமுறை அடித்திருக்கிறான். கல்யாணமான முதல் வருடம், ஒரே ஒரு அடி. அவள் சத்தம் போடவில்லை; உடுப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிக்கரிங்கில் இருந்த அக்கா வேரோனிக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டாம் நாள் திரும்பி வந்தபோது, "அடுத்த முறை நான் திரும்பி வரமாட்டன்" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் அவள்மேல் கை வைத்ததில்லை. ஆனால் அவன் குரல் உயர்ந்தால் அவள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வாள். அதை அவன் கவனித்ததும் இல்லை.

ஐந்தாவது வேலையைக் கோயில் பாதர்தான் பிடித்துக் கொடுத்தார். பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு பால் பண்ணை, எழுபது மாடு. உரிமையாளர் ஹென்றிக் ஒல்லாந்தில் பிறந்த கிழவர், பேச்சுக் குறைவு. "அங்க மாடுதான், மனுசர் குறைவு, உனக்குத் தோதான இடம்" என்றார் பாதர்.

முதல் கிழமையிலேயே அகஸ்ரின் ஒரு மாட்டின் முதுகில் பிளாஸ்ரிக் குழாயால் இழுத்தான். மாடு பொலிஸுக்குப் போகவில்லை. பின்னங்காலைத் தூக்கி அவன் நெஞ்சில் ஒன்று விட்டது. இரண்டு விலா எலும்பு. அவன் சாணிக்குள் மல்லாந்து கிடந்து மூச்சுக்குத் தவிக்க, ஹென்றிக் குனிந்து பார்த்து, "அடித்த மாடு பால் தராது" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான். அன்று அந்த மாடு மடி நிறையப் பாலை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விடவில்லை. கனடாவில் அகஸ்ரினுக்குத் திருப்பி அடித்த முதல் ஆள் அந்த மாடுதான். அன்றிலிருந்து தொழுவத்துக்குள் அவன் கை அடங்கிக் கிடந்தது.

அதோடு அவனுக்கு ஒரு பதவியும் கிடைத்தது. சிவப்புப் பட்டி கட்டும் பதவி.

ஹென்றிக்கின் பண்ணையில் நினைத்தபடி மாட்டுக்கு மருந்து ஏற்ற முடியாது. மாட்டு டொக்டர் வந்து பார்த்து எழுதித் தரவேண்டும். எந்த மாட்டுக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு அதன் பாலை எடுக்கக்கூடாது, எத்தனை நாளைக்கு அதை இறைச்சிக்கு அனுப்பக்கூடாது என்றெல்லாம் போத்தலில் ஒட்டியிருக்கும். போத்தல்கள் பூட்டிய அலுமாரிக்குள். மருந்து போனவுடன் மாட்டின் இரண்டு பின்னங்காலிலும் சிவப்புப் பட்டி கட்டி, வெள்ளைப் பலகையில் இலக்கமும் திகதியும் எழுதவேண்டும். நாள் முடியும்வரை அந்தப் பால் தனி வாளிக்குள் கறந்து வடிகானுக்குள் போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் பால் லொறி வரும். சாரதி பண்ணைப் பாலைச் சேர்த்து வைக்கும் தாங்கியில் இருந்து முதலில் ஒரு குப்பிக்குள் பால் எடுப்பான். அதில் மருந்து இருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் லொறியில் இருக்கிற அத்தனை பண்ணையின் பாலும் குப்பைதான்.

ஆங்கிலம் சரியாக வாசிக்க வராத அகஸ்ரினுக்குச் சிவப்பு நிறம் வாசிக்க வந்தது. பட்டி கட்டிய மாட்டின் பக்கத்தில் ஒருவரையும் கறவை இயந்திரத்தைக் கொண்டுபோக விடமாட்டான். கூட வேலை செய்த டெனிஸ் ஒருநாள் விடிய குடிவெறி முறியாமல் வந்து, சிவப்புப் பட்டி மாட்டில் இயந்திரத்தைக் கொளுவிவிட்டான். ஆயிரத்தறுநூறு லீற்றர் இருந்த தாங்கிக்குள் அந்தப் பால் போய்ச் சேர்ந்தது. அகஸ்ரின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தாங்கியோடு சேர்த்து இரண்டு குத்து விட்டான். டெனிஸின் காதுக்குள்ளிருந்து இரத்தம் வந்தது. பிறகு ஹென்றிக் தாங்கியின் அடிக் குழாயைத் திறந்தார். அத்தனை பாலும் சீமெந்து நிலத்தில் பாய்ந்து ஓட, அகஸ்ரின் சுவரில் சாய்ந்து நின்று அழுதான். அடித்ததற்கு அழவில்லை, பாலுக்கு அழுதான்.

"பட்டி சரி. கை பிழை. இன்னொரு தரம் கை நீட்டினால் நீயும் போ" என்றார் ஹென்றிக்.

வீட்டுக்கு வந்து றோசலினிடம், "ஆயிரம் வீட்டுப் பிள்ளையளுக்கு உவன் மருந்துப் பாலைப் பருக்கியிருப்பான். நான் விடுவனே?" என்று நெஞ்சை நிமிர்த்தினான். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தலையாட்டினாள்.

இது நடந்து ஒரு வருடம் கழித்து, தொண்ணூற்றாறு ஒக்ரோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய, அறுபத்தோராம் மாடு நாளுக்கு முந்திக் கன்று போட்டது.

கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போது மாட்டைக் கறக்காமல் வற்றவிடுவார்கள். கடைசியாய்க் கறந்த அன்று நாலு முலைக்காம்புக்குள்ளும் ஒவ்வொரு குழாய் மருந்து ஏற்றுவார்கள், மடி பழுதாகாமல் இருக்க. அறுபத்தோராம் மாட்டுக்கு அந்த நாலு குழாயையும் ஏற்றியது அகஸ்ரின். ஐந்து கிழமைக்கு முன்னர் பட்டி கட்டியதும், பலகையில் கோணல் எழுத்தில் திகதி போட்டதும் அவனேதான். கன்றுக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

அவன் போனபோது மாடு படுத்திருந்து முனகிக்கொண்டிருந்தது. ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. ஹென்றிக் தோள்வரை கையை உள்ளே விட்டு மற்றக் காலைத் தேடிப் பிடித்தார். இரண்டு காலிலும் சங்கிலி போட்டு, மாடு முக்கும்போதெல்லாம் இருவரும் சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். மாடு கதறியது. இரத்தமும் நீரும் அகஸ்ரினின் பூட்ஸுக்குள் வழிந்தன. ஒரு மணித்தியாலத்துக்கு மேல். கடைசியில் கன்று வழுக்கி வந்து அவன் மடியில் விழுந்தது. மயிர் சரியாய் முளைக்காத கன்று. அவன் அதன் மூக்குக்குள் வாயை வைத்து ஊதினான், பின்னங்காலில் பிடித்துத் தலைகீழாய்த் தூக்கி ஆட்டினான், வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தான். கன்று செத்துத்தான் பிறந்திருந்தது.

ஹென்றிக் கையைக் கழுவிக்கொண்டு பலகையைப் பார்த்தார். "இதன் பால் முழுக்கக் கொட்டு. நாளைக்கு டொக்டர் வருவா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அகஸ்ரின் கறந்தான். முதல் பால் மஞ்சளாய், தடிப்பாய், வாளியின் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்கியது. கன்று ஈன்ற பசுவின் சீம்பால். அதைப் பனங்கட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் அவித்தால் கடும்பு. ஏழு வருடமாய் அவன் நாக்குக் காணாத சாமான். இதைக் கொண்டுபோய் வடிகானுக்குள் ஊற்றுவதா? வெள்ளைக்காரனுக்கு உதின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது.

கால் பட்டி அவன் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. அதற்கும் அவன் சட்டத்தரணி மாதிரி ஒரு நியாயம் கண்டுபிடித்தான். பட்டி தாங்கிக்கு. லொறிக்காரனுக்கு. கன்று போட்ட முதல் நாட்களின் பாலை எந்தப் பண்ணையிலும் தாங்கிக்குள் விடுவதில்லை. ஆகவே இந்தப் பாலுக்கும் பட்டிக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை. மருந்து ஏற்றியதும் போன மாதக் கதை. இரண்டு லீற்றரை ஒரு கானுக்குள் ஊற்றிக் காருக்குள் வைத்தான்.

றோசலின் பூசை முடிந்து வந்திருந்தாள். அவள் இடக்கையில் உருக்கு வளையம் ஒன்று எப்போதும் கிடக்கும். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் சின்ன வயதில் பெனிசிலின் ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்துச் சாகப் பார்த்தவள். இங்கே குடும்ப டொக்டர் அந்தச் சொல்லை வளையத்தில் வெட்டிப் போட்டுவிட்டார். எட்டு ஆங்கில எழுத்தைத் தாண்டி வாசிக்கக் களைத்துப்போகும் அகஸ்ரினுக்கும் அந்தச் சொல் மனப்பாடம். அவள் நித்திரையாய்க் கிடக்கும்போது கையைப் பார்த்துப் பார்த்துப் படித்தது.

கானைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. நவரட்ணம் அண்ணை கடையில் வாங்கி வைத்த பனங்கட்டியை எடுத்தாள். பக்கத்துப் பிளாசாவில் கடை வைத்திருந்த நவரட்ணம் அந்தப் பனங்கட்டி ஓலைக் குட்டான்களை ஆள் பார்த்துத்தான் கொடுப்பார்; அவை சண்டைக்குள்ளால் கொழும்பு வந்து, அங்கிருந்து பெட்டியில் ஏறி வந்தவை.

"பனங்கட்டி ஒரு மாதிரி மணக்குது என்ன?" என்றாள் றோசலின், கடும்பை வெட்டிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு.

"உமக்கு எல்லாம் மணக்கும். சாப்பிடும்" என்றான்.

அவன் நாலு துண்டு சாப்பிட்டான். அவள் இரண்டு. பாத்திரம் கழுவப் போனவள் உள்ளங்கை கடிக்கிறது என்று சொறிந்தாள். பிறகு கழுத்து. "இஞ்சேருங்கோ, தொண்டை..." என்றவள் முடிக்கவில்லை. அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டிருந்தன, உதடு தடித்து வெளியே பிதுங்கியிருந்தது. மூச்சை இழுக்க இழுக்கச் சீழ்க்கைச் சத்தம். கையால் குசினி லாச்சியைப் பிடித்தாள். லாச்சி கழன்று கரண்டியும் கத்தியும் அவள்மேல் கொட்டுப்பட, நிலத்தில் விழுந்தாள். முகம் நீலமாகியது. அம்புலன்ஸ் வரும்வரை அவள் குதிக்கால்கள் நிலத்தை உதைத்துக்கொண்டே இருந்தன. அந்த உதையின் சத்தம் அவன் காதை விட்டு இன்றும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். இளம் டொக்டர் ஒருவர் வளையத்தைப் பிடித்துக் காட்டி, ஏதாவது மருந்து எடுத்தாளா என்று கேட்டார். இல்லை என்றான். மாத்திரை? இல்லை. ஊசி? இல்லை. என்ன சாப்பிட்டாள்? இனிப்பு, பாலும் பனங்கட்டியும். எதனால் என்று கட்டாயம் கண்டுபிடிக்கவேண்டும், இன்னொருமுறை வந்தால் எழும்பமாட்டாள் என்றார் டொக்டர்.

ஒரு மாதிரி மணக்குது என்று அவள் சொன்னது அப்போது அவனுக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். காரை எடுத்தான்.

பின்னேரம் நாலரை மணி. கடையில் நவரட்ணமும் மனைவி யோகராணியும் நின்றார்கள். அறுபதை எட்டிக்கொண்டிருந்த நவரட்ணம், யாரோடும் குரல் உயர்த்தாத மனிதர். "வாரும் அகஸ்ரின்" என்று சொல்ல வாயைத் திறந்த இடத்திலேயே முதல் குத்து விழுந்தது.

"பூஞ்சணம் பிடிச்சதை வித்து என்ர மனுசியைக் கொல்லப் பாத்தியேடா!"

இரண்டாவது குத்தில் தாடை எலும்பு முறிந்த சத்தம் கடை வாசல்வரை கேட்டதாம். நவரட்ணம் அப்பளப் பெட்டிகளோடு சேர்ந்து விழுந்தார். அகஸ்ரின் அவர்மேல் ஏறி இருந்து அடித்தான். வாய்க்குள்ளிருந்து இரண்டு பல்லும் இரத்தமும் அரிசி மூட்டையில் தெறித்தன. கிழவர் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. முழங்கையால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். யோகராணி பால்மா ரின்னைத் தூக்கி அவன் முதுகில் எறிந்து, தலைமயிரைப் பிடித்து இழுத்து, "ஐயோ விடடா, செத்துப்போவார் விடடா" என்று குழறினாள். அவன் எழும்பினான். குட்டான் ஒவ்வொன்றையும் தேடித் தேடி மிதித்து நசித்துவிட்டுப் போனான். பனங்கட்டி அவன் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அன்றைக்கும் சனம் கதைத்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் வேரோனிக்கா அவனை ஆஸ்பத்திரியிலிருந்து கலைத்துவிட்டாள். "இஞ்ச நிண்டு இன்னும் ஆரையாவது அடியாமல் வேலைக்குப் போங்கோ. அவள் முழிச்சால் சொல்லுறன்" என்றாள். போகும் வழியில் அவன் ஒரு திட்டம் வைத்திருந்தான். மிச்ச ஒரு லீற்றர் வீட்டில் உறைபெட்டிக்குள் கிடந்தது. றோசலின் வீட்டுக்கு வந்ததும் இந்தமுறை சீனி போட்டுத் தன் கையாலேயே அவித்துக் கொடுக்கவேண்டும். உடம்பு தேறக் கடும்பு நல்லதுதானே.

தொழுவத்தில் மாட்டு டொக்டர் அறுபத்தோராம் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. கன்றின் நச்சுக்கொடி விழாமல் உள்ளே நின்றுவிட்டது. நரைத்த முடியை ரப்பர் வளையத்தால் கட்டிய பெண்மணி. கையை எடுத்துக் கழுவியபடி பலகையைப் பார்த்து, எல்லாப் பாலும் வடிகானுக்குள் போனதா என்று கேட்டா. அகஸ்ரின் தலையை ஆட்டினான்.

நல்லது, என்றா டொக்டர். இந்த மருந்து மடிக்குள் கிழமைக்கணக்காய் நிற்கவென்றே செய்தது. மாடு சொன்ன நாளில் கன்று போட்டிருந்தால் வேறு கதை. மூன்று கிழமை முந்தி வந்ததால் முதல் பால் முழுக்க மருந்துதான். கன்றுக்குக்கூடக் கொடுக்கக்கூடாது.

அகஸ்ரின் பலகைக்குக் கிட்டப் போனான். "என்ன மருந்து?" என்று கேட்டான். அவ்வளவு காலமும் அவன் கேட்காத கேள்வி. டொக்டர் அலுமாரிக்குள்ளிருந்து பெட்டியை எடுத்து நீட்டினா. மேலே நீளமாய் ஏதோ பெயர். அது அவனுக்குத் தெரியாது. கீழே எச்சரிக்கை வரிக்குள் ஒரு சொல் இருந்தது. றோசலினின் கையில் இருக்கிற சொல்.

அவன் பெட்டியை மெதுவாய் அலுமாரித் தட்டில் வைத்தான். பிறகு வலக்கையைப் பொத்தி, பால் அறையின் கொங்கிறீட் சுவரில் குத்தினான். திரும்பவும் குத்தினான். தோல் கிழிந்து, விரல் மொழி உடைந்து, வெள்ளைச் சுவரில் இரத்தம் இறங்க இறங்கக் குத்திக்கொண்டே நின்றான். ஹென்றிக் பின்னால் வந்து கட்டிப்பிடித்துத்தான் நிறுத்தினார். கிழவரின் பிடிக்குள் நின்று அவன் எல்லாவற்றையும் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான்: பால், வீடு, இனிப்பு, வளையம்.

டொக்டர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி, ஹென்றிக்கின் தொலைபேசியில் ஆஸ்பத்திரியைப் பிடித்து எழுத்து எழுத்தாய்ச் சொன்னா. பிறகு வந்து அவன் கையைத் துணியால் சுற்றினா. "தாங்கிக்குள் விடாதே, கன்றுக்குக் கொடாதே, விற்காதே என்று முப்பது வருடமாய்ச் சொல்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடாதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. இதை ஒருவர் சாப்பிடுவார் என்பதே எனக்குத் தெரியாது" என்றா.

அன்று பின்னேரம் றோசலினின் குழாயை எடுத்திருந்தார்கள். அகஸ்ரின் கட்டிலடியில் நின்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். பாலைப் பற்றிச் சொன்னான். நவரட்ணத்தைப் பற்றியும் சொன்னான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அவன் முடித்த பிறகு தொண்டை கிழிந்த குரலில் பேசினாள்.

"மருந்து ஏத்தின மாட்டுக்குப் பட்டி கட்டுறியள். நாள் முடிஞ்சாலும் சோதிச்சுத்தானே லொறிக்காரன் பாலை ஏத்துவான்?"

"ஓம்."

"உங்கட கையை ஆர் சோதிக்கிறது?"

அவன் வலக்கையின் துணிக்கட்டைப் பார்த்தான்.

"நவரட்ணம் அண்ணை கீழ் மாடியிலதானாம். போய்ச் சொல்லுங்கோ. சொல்லாமல் வீட்டை வந்தால் நான் அக்கா வீட்டை போறன்" என்றாள்.

கீழ் மாடியில் நவரட்ணத்தின் முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அகஸ்ரினைக் கண்டதும் யோகராணி எழும்பி மேசையில் இருந்த சுடுதண்ணீர்ப் பிளாஸ்கை எடுத்தாள். நவரட்ணம் கையைக் காட்டி அவளை மறித்தார். தாளும் பேனையும் எடுத்து எழுதி, அகஸ்ரினிடம் நீட்டினார்.

"தம்பி, றோசலின் தப்பிவிட்டாவா? பனங்கட்டி முழுவதையும் கொட்டச் சொல்லிவிட்டேன். யாருக்கு இன்னும் விற்றேன் என்று யோசித்து நித்திரை இல்லை. அடித்த ஆளின் முகம் தெரியவில்லை என்றுதான் பொலிஸுக்கு எழுதிக் கொடுத்தேன். என்னை மன்னித்துக்கொள்ளும்."

அகஸ்ரின் அதை இரண்டு தரம் வாசித்தான். வாயை மூடிக்கொண்டு தாளை மடித்துப் பொக்கற்றில் வைத்துவிட்டுப் போகலாம். பொலிஸ் இல்லை, வழக்கு இல்லை, குடியுரிமைப் பத்திரத்துக்கு இடைஞ்சல் இல்லை. பழி பனங்கட்டியோடு போய்விடும். கிழவரே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். அப்படி ஒரு நிமிடம் அவன் நினைத்ததை மறைத்து அவனை நல்லவன் ஆக்கத் தேவையில்லை. நினைத்தான்.

"அண்ணை, பனங்கட்டியில ஒண்டும் இல்லை," என்றான். "நான் கொண்டுவந்த பால். மருந்து ஏத்தின மாடு. நான்தான் ஏத்தினது, நான்தான் பட்டி கட்டினது. கொட்டச் சொல்லியும் கேக்கேல்லை. என்ர மனுசிக்கு நஞ்சு குடுத்தது நான். அடிச்சது உங்களை."

பிளாஸ்க் அவன் நெற்றியில் விழுந்தது. யோகராணி இரண்டு கையாலும் பிடித்துத் தன் பலம் முழுவதையும் போட்டு அடித்தாள். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அவள் இன்னுமொருமுறை ஓங்கினாள். அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கட்டிலில் கிடந்த நவரட்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு யோகராணி தாதியைக் கூப்பிட்டுப் பொலிஸை அழைக்கச் சொன்னாள். அவர்கள் வரும்வரை அகஸ்ரின் விறாந்தையில் இருந்த நாற்காலியில் குந்தியிருந்தான்.

தொண்ணூறு நாள் சிறை, மறியல் என்று சனம் சொல்வது. குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாலும், வேலை இருந்ததாலும் வார இறுதிகளில் அனுபவிக்கச் சொன்னார் நீதிபதி. வெள்ளிக்கிழமை பின்னேரம் பையோடு உள்ளே போவான், திங்கள் விடிய வெளியே வந்து நேரே மாடு கறக்கப் போவான். ஹென்றிக் அவனை நிறுத்தவில்லை. பலகையின் கீழே கிழவர் ஆங்கிலத்தில், வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது என்று புதிதாய் ஒரு வரி எழுதினார், அதன் கீழே அகஸ்ரின் தமிழில் எழுதினான்: "கடும்புக்கும் எடுக்கக் கூடாது." அதை வாசிக்க அந்தத் தொழுவத்தில் அவனைத் தவிர ஆள் இல்லை.

கடைசி வார இறுதி முடிந்த திங்கட்கிழமை றோசலின் மிளகாய்த்தூள் வாங்கிவரச் சொன்னாள். எந்தக் கடையில் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

நவரட்ணத்தின் தாடை கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. "வாரும்," என்றார். "மறியல் முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. இண்டையோட சரி."

"றோசலின் சுகமோ?"

"சுகம். தூள் ஒரு பக்கற் எடுக்கச் சொன்னவ."

தூள் கிழவரின் தலைக்கு மேலே இருந்த தட்டில் இருந்தது. அகஸ்ரின் எடுக்கவென்று வலக்கையை உயர்த்தினான்.

நவரட்ணம் பின்னால் பாய்ந்தார். முழங்கை முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. முதுகு தட்டில் மோத, மீன் ரின்கள் ஒவ்வொன்றாய் உருண்டு விழுந்தன. இருவரும் அப்படியே நின்றார்கள். கிழவருக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. கையை இறக்கி, சட்டையை இழுத்துவிட்டார்.

அகஸ்ரின் கையை மெல்லக் கீழே கொண்டுவந்தான். குனிந்து ரின்களைப் பொறுக்கி ஓரமாய் வைத்தான்.

"அண்ணை, நீங்களே எடுத்துத் தாங்கோ" என்றான்.

வீட்டில் றோசலின் தூளை வாங்கிப் போத்தலுக்குள் கொட்டினாள். "அண்ணை கதைச்சவரோ?" என்று கேட்டாள்.

"கதைச்சவர். கையையும் சோதிச்சவர்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னவாம்?"

"இன்னும் நாள் கிடக்காம்" என்றான் அகஸ்ரின்.